கடைசி ஆளின் குரல்: செஞ்சியிலிருந்து தளவானூருக்கு வயல்வழியே சைக்கிளில்

காடு மூடியதால்தான் இந்தப் பயணம் நடந்தது. வேலூரை ஒட்டி மலையடிவாரத்தில் ஒரு காட்டுப் பாதை உண்டு. எட்டு வருடமாக எனக்கும் சாதிக்குக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேதான் மலை சைக்கிள். இந்த மார்ச் மாதத்து முதல் ஞாயிறு விடியற்காலை போய் நின்றால், குறுக்கே மூங்கில் கட்டிப் பலகை மாட்டியிருந்தார்கள். கோடைக் காட்டுத் தீ அபாயம், மறு அறிவிப்பு வரும்வரை யாருக்கும் அனுமதி இல்லை. நியாயம்தான். சருகு அப்படிக் காய்ந்து கிடக்கும்போது எவனாவது ஒரு பீடித் துண்டை வீசினால் கதை முடிந்தது. ஆனாலும் நின்றுபோன கல்யாணத்துக்கு மொய்க் கவரோடு வந்தவர்கள் மாதிரி, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

"பாஸ்கர் ஊருக்குப் போலாமா?" என்று சாதிக்தான் கேட்டான்.

பாஸ்கர் எங்களில் மூன்றாவது ஆள். வேலூரில் வேலை பார்த்தவன், சொந்த ஊர் செஞ்சி. போன வருடம் ஜனவரியில் அதே காட்டுப் பாதை இறக்கத்தில் விழுந்து காறை எலும்பும் இடது மணிக்கட்டும் உடைந்தன. தோளில் தகடு வைத்தார்கள். அதன்பின் மாற்றல் வாங்கிக்கொண்டு செஞ்சிக்கே போய்விட்டான். பதினான்கு மாதமாக சைக்கிளில் ஏறவில்லை. போன் போட்டால் நன்றாகப் பேசுவான், சைக்கிள் என்று ஆரம்பித்தால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவான்.

இந்த இடத்தில் எங்கள் குழு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நீங்களும் நண்பர்களோடு போகிறவர் என்றால் உங்களுக்கும் இது உதவும். ஒற்றையடிப் பாதையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். முன்னால் போகிறவன் "பள்ளம்!", "கல்லு!", "முள்ளு!" என்று கத்த வேண்டும். நடுவில் இருப்பவன் அதையே திருப்பிக் கத்துவான். கடைசி ஆள் "இருக்கேன்!" என்று பதில் கொடுப்பான். அந்த "இருக்கேன்" காதில் விழாவிட்டால் முன்னால் போகிறவன் நின்றுவிட வேண்டும். இவ்வளவுதான் விதி, இதை ஏற்படுத்தியவனே நான்தான்.

அன்றைக்கு நான் முன்னால், சாதிக் நடுவில், பாஸ்கர் கடைசி. 3.2 கிலோமீட்டர் இறக்கத்தில் என்னுடைய மிகக் குறைந்த நேரம் 11 நிமிடம் 40 விநாடி. அன்று அதை உடைத்துவிடுவேன் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது. "கல்லு!" என்றேன். சாதிக்கும் "கல்லு!" என்றான். "இருக்கேன்" வரவில்லை. "மாப்ள, பாஸ்கர் குரல் வரலயே" என்றான் சாதிக். "பங்ச்சரா இருக்கும், கீழ நின்னு பாத்துக்கலாம் வா" என்று சொல்லிவிட்டு நான் மிதித்தேன். 11 நிமிடம் 31 விநாடியில் கீழே வந்தேன். ஒன்பது விநாடி குறைத்த சந்தோஷத்தில் தண்ணீர் குடித்தேன். குரல் வராமல் போனதிலிருந்து நாங்கள் மேலே ஏறி அவனிடம் போய்ச் சேர்ந்தது வரை முப்பத்தேழு நிமிடம். செல்போன் செயலி எல்லாவற்றையும் பதிந்து வைத்திருக்கிறது. "சத்தமே கேக்கலடா, இப்பதான் தெரிஞ்சுது" என்று அவனிடம் சொன்னேன். சாதிக் என்னை ஒரு பார்வை பார்த்தானே தவிர, அன்றும் சரி, பிறகும் சரி, வாயைத் திறக்கவில்லை.

ஆக, பாஸ்கரை மறுபடி சைக்கிளில் ஏற்ற வேண்டும் என்கிற ஆசை ஒருபக்கம். அவனிடம் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்கிற பயம் இன்னொரு பக்கம். இரண்டையும் கட்டிக்கொண்டுதான் கிளம்பினேன்.

அடுத்த ஞாயிறு காலை 4:20-க்கு வேலூரில் புறப்பட்டோம். சாதிக்குக்கு மெத்தைக் கடை, சொந்தமாகக் குட்டி யானை வண்டி இருக்கிறது. இரண்டு சைக்கிளையும் பின்னால் படுக்கப்போட்டு நடுவில் ஒரு பழைய மெத்தையைத் திணித்துவிட்டான். ஆரணி, சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சி. சேத்துப்பட்டில் டீ, ஒன்று 12 ரூபாய், நன்றாகவே இருந்தது. பாறைகளை யாரோ அவசரமாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும் அந்தக் குன்றுகள் மேல் இளவெயில் விழ ஆரம்பித்தபோது செஞ்சிக்குள் நுழைந்தோம். எங்கள் மீட்டரில் 92 கிலோமீட்டர், மணி 6:35.

பாஸ்கர் வீடு பஜாரிலிருந்து இரண்டு தெரு தள்ளி. வாசலிலேயே அவன் மனைவி கலைவாணி நின்றிருந்தது.

"வாங்கண்ணா. இன்னா, திரும்பவும் கூட்டிக்கினு போயி உருட்டி உடறதுக்கா வந்துக்கிறீங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டது. எனக்குத்தான் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இட்லியும் மல்லாட்டைச் சட்னியும் வைத்தது. எங்கள் ஊரில் வேர்க்கடலை என்பதை இங்கே மல்லாட்டை என்றுதான் சொல்கிறார்கள், கடைகளில் அப்படிக் கேட்டால் உடனே புரியும். பாஸ்கர் லுங்கியோடு எதிரில் உட்கார்ந்து ஊர்க்கதை எல்லாம் பேசினான். கூட வருகிறாயா என்று நாங்களும் கேட்கவில்லை, வருகிறேன் என்று அவனும் சொல்லவில்லை.

"கோட்டைக்குப் பின்னால மலைப் பாதை ஒண்ணு இருக்குமே?" என்று சாதிக் கேட்டான்.

"அங்கயும் போர்டு மாட்டிட்டாங்க பாய். அங்க காஞ்சா இங்கயும் காயாதா?" என்றான் பாஸ்கர். "தளவானூரு போங்க. தார் ரோட்ட உட்டுட்டு ஏரிக்கர, வரப்பு, மாட்டு வண்டிப்பாட்டைன்னு போனா ஜாலியா இருக்கும். வழிய எழுதித் தரேன்."

கை கழுவப் பின்பக்கம் போனேன். குளியலறைச் சுவர் ஓரமாக அவன் சைக்கிள் சாக்கு போர்த்தி நின்றிருந்தது. சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். சங்கிலியில் எண்ணெய் பளபளத்தது. இரண்டு டயரிலும் காற்று.

பின்னாலேயே கலைவாணி சொம்போடு வந்து நின்றது. "பதினாலு மாசமா தொடச்சிக்கினேதான் கீறாரு. ஏறமாட்டேங்கறாரு" என்றது மெதுவாக. "ஏத்திடுங்கண்ணா. ஆனா மலையாண்ட மட்டும் வாணாம். முழுசா கூட்டியாந்து உட்டுடணும்."

சரிம்மா என்றேன்.

நாங்கள் சைக்கிளை இறக்கிக்கொண்டிருந்தபோது பாஸ்கர் பேன்ட் மாட்டிக்கொண்டு வந்தான். "எழுதினா உங்களுக்குப் புரியாது. ஏரிக்கர வரைக்கும் வந்து காட்டிட்டுத் திரும்பிடறேன்" என்றான். கலைவாணி என்னைப் பார்த்தது, நான் சாதிக்கைப் பார்த்தேன், சாதிக் ஆகாயத்தைப் பார்த்தான். 7:25-க்குக் கிளம்பினோம்.

விழுப்புரம் சாலையில் 4 கிலோமீட்டர் போனதும் இடதுபக்கம் மண்சாலை பிரிந்தது. அங்கிருந்து ஏரிக்கரை. மார்ச்சிலும் ஏரியில் பாதி தண்ணீர் நின்றது. கரை மேல் சைக்கிள் சக்கரம் போகிற அளவுக்குத்தான் தடம், ஒருபக்கம் தண்ணீர், மறுபக்கம் ஒரு ஆள் உயரத்துக்குச் சரிவு. மலை இல்லாமலே மலைப் பாதையின் பயம் கொஞ்சம் கிடைக்கும், நான் உத்தரவாதம். பாஸ்கர் கடைசியில்தான் வருவேன் என்றான். நடக்கிற வேகத்தில் வந்தான். கரை முடிந்ததும் காலை ஊன்றி, "சரி, அந்தப் பனமரம் வரைக்கும் வரேன்" என்றான். பனைமரம் போய்ச் சேர்ந்ததும் பம்பு செட்டு வரைக்கும் என்றான். பம்பு செட்டும் தாண்டிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் தாங்கவில்லை, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

காட்டிக்கொள்ளவில்லை என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பத்தடிக்கும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடியே ஓட்டியிருக்கிறேன். "இருக்கேன்" என்று அவன் ஒழுங்காகப் பதில் கொடுத்தும் காதை நம்பாமல் கண்ணாலும் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அறுவடை முடிந்த நெல் வயல்களைத் தாண்டி மல்லாட்டைக் கொல்லைகள் வந்தன. ஒரு வளைவில் இப்படித் திரும்பிப் பார்த்தவன் முன்னால் பார்ப்பதற்குள், பிடுங்கிக் குவித்திருந்த மல்லாட்டைச் செடிக் குவியலுக்குள் முழு வேகத்தில் தலைகீழாகப் போய் இறங்கினேன்.

சுற்றி உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்த ஐந்தாறு பெண்கள் காயைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்கள். பிறகு ஒரு அம்மா எழுந்து முந்தானையை உதறிக்கொண்டு, "யோவ், எங்க பாத்துக்கினு வர்ற? பின்னாடி இன்னா உன் பொண்டாட்டியா வர்றா?" என்றார்.

கொல்லையே சிரித்தது. பாஸ்கர் வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினான். தகடு வைத்த தோள், அந்தக் கையாலேயே தூக்கினான். "முன்னாடி பாத்து ஓட்டுடா. நான் எங்கயும் போயிடமாட்டேன்" என்றான்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சைக்கிள் ஒவ்வொன்றும் என்ன விலை என்று விசாரித்துவிட்டு (இந்தக் கேள்விக்கு எங்கே போனாலும் தயாராக இருங்கள்), அந்த அம்மா ஒரு மடி நிறையப் பச்சை மல்லாட்டையை சாதிக் பையில் கொட்டினார். காசு நீட்டினால், "உழுந்ததுக்குக் கூலின்னு வச்சிக்க" என்று தள்ளிவிட்டார். இவ்வளவு பெரிய விழாவுக்குக் காரணமான நான்தான் அன்று முழுக்க பாஸ்கருக்கும் சாதிக்குக்கும் கேலிப்பொருள்.

தளவானூர் போய்ச் சேர மணி 10:40. சுற்றி வளைத்துப் போனதால் 22 கிலோமீட்டர் ஆகியிருந்தது. வழியில் சாதிக்குக்கு ஒரு பங்ச்சர், வேலிகாத்தான் முள். ஊருக்கு வெளியே சின்னக் குன்று, அதில் பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில். ஒரே பாறையைக் குடைந்து தூண்களும், தூண்களுக்கு மேல் வளைந்த தோரணமும், கதவே இல்லாத வாசலுக்கு இரண்டு பக்கமும் கல் காவலர்களும். நாங்கள் போனபோது ஒரு ஈ காக்கை இல்லை. பாறை நிழல் சில்லென்று இருந்தது. பக்கத்து மரத்தடியில் சைக்கிள்களைச் சாய்த்துவிட்டு, பச்சை மல்லாட்டையை உரித்துத் தின்றுகொண்டு உட்கார்ந்தோம்.

சாதிக் துண்டை விரித்துப் படுத்தான். தூங்கினானா, தூங்குகிற மாதிரி இருந்தானா தெரியாது. இதை விட்டால் வாய்க்காது என்று தோன்றியது.

"பாஸ்கர், அன்னிக்கி நான் பொய் சொன்னேன்" என்றேன். "உன் குரல் வரலன்னு எனக்கு அப்பவே தெரியும். பாய்கூடச் சொன்னான். நேரத்த ஒடைக்கணும்னு நான்தான் நிறுத்தாமப் போயிட்டேன்."

அவன் உரித்துக்கொண்டிருந்த காயைக் கீழே போட்டான்.

"எவ்ளோ நேரம்?"

"முப்பத்தேழு நிமிஷம்."

எழுந்து குடைவரைக்குள் போய்விட்டான். பின்னால் போகலாமா என்று எழுந்தேன். "உக்காரு" என்றான் சாதிக், கண்ணைத் திறக்காமலே. உட்கார்ந்தேன். கால் மணி நேரம் கழித்து பாஸ்கர் வெளியே வந்து, எனக்கு முன்னால் நின்றான். கண் சிவந்திருந்தது.

"நான் கத்துனேன்டா. மூணு வாட்டி கத்துனேன். யாரும் வரல. அப்பறம், நெஜமாவே கத்துனமா, கத்துனதா நாமளே நெனச்சிக்கறமான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சி. இன்னி வரைக்கும் அந்த சந்தேகம் இருக்குது. உழுந்தது கூட மறந்துடுச்சி. கத்தி ஆளு வரலயே, அதுதான் மறக்கல. அதனாலதான் ஏறல."

மன்னித்துவிடு என்று சொன்னேன். சொன்னேனா, வாய் மட்டும் அசைந்ததா என்பது எனக்கும் சந்தேகம்தான். அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. நாற்பத்தொரு வயதில் ஹெல்மெட்டோடு அழுவது அழகான காட்சி இல்லை. அவன் தோளைத் தட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. பாறையைப் பார்த்தபடியே, "இனிமே நீ முன்னாடி போவாத" என்றான். "நான் போறேன். நீ கடைசி."

திரும்பிய கதைக்கு முன்னால், போக நினைப்பவர்களுக்கான விவரங்களைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மறந்துவிடுவேன். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலை மூன்று பக்கமிருந்தும் செஞ்சிக்கு வண்டி உண்டு. சைக்கிளை ஏற்றுவது கண்டக்டரின் மனநிலையைப் பொறுத்தது, முதல் பஸ்ஸுக்கு வந்தால் வாய்ப்பு அதிகம். எங்களுக்குப் போக வர டீசல் 950 ரூபாய். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம், பதினோரு மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை எங்காவது நிழலில் கிடப்பதே புத்திசாலித்தனம். பங்ச்சர் சாமான் இல்லாமல் வராதீர்கள், வேலிகாத்தான் முள் எந்த டயரையும் மதிப்பதில்லை. வரப்பில் ஆள் வந்தால் நீங்கள்தான் இறங்கி வழிவிட வேண்டும், அது அவர்கள் வேலை செய்கிற இடம். பயிர் நிற்கிற வயலுக்குள் சக்கரம் படவே கூடாது. காட்டுப் பாதை மூடியிருந்தால் சந்து பொந்தில் நுழையப் பார்க்காமல் இப்படி ஊர்ப்பக்கம் வாருங்கள். ஏற்ற இறக்கம் குறைவுதான், ஆனால் ஏரிக்கரையும் வண்டிப்பாட்டையும் மலை சைக்கிளுக்கு நல்ல வேலை கொடுக்கும்.

மூன்றரைக்குக் கிளம்பினோம். பாஸ்கர் முன்னால், சாதிக் நடுவில், நான் கடைசி. முதல் ஒரு கிலோமீட்டர் "பள்ளம்", "கல்லு" என்று ஒழுங்காகத்தான் போனது. பிறகு அவனுக்கு வாய் வந்துவிட்டது. "ஓணான்!" என்றான். "ஓணான்!" என்றான் சாதிக். "இருக்கேன்!" என்றேன். "சாணி!" என்றான். "இருக்கேன்!" என்றேன். வழியில் ஒரு எருமை நின்றது, அதைத் தாண்டும்போது "வேலு!" என்று என் பெயரைக் கத்தினான். அதையும் சாதிக் சிரிக்காமல் திருப்பிக் கத்தினான். நான் அதற்கும் "இருக்கேன்" என்றேன். வேறு என்ன செய்ய? இறங்குமுகமான ஒரு வண்டிப்பாட்டையில் அவன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, பெடல் மேல் எழுந்து நின்று போனான். பழைய பாஸ்கர் ஓட்டுகிற விதம் அதுதான். எனக்குக் கண் மறைத்தது, தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரைக்குக் கொஞ்சம் முன்னால், குறுக்கே பிரிகிற பாதையிலிருந்து வைக்கோல் டிராக்டர் ஒன்று எங்களுக்கு நடுவில் ஏறியது. வீடு அளவுக்கு வைக்கோல். அவர்கள் இரண்டு பேரும் முன்னால் போய்விட்டார்கள், நான் இந்தப் பக்கம் காலை ஊன்றி நின்றேன். டிராக்டருக்கு அப்பாலிருந்து "கல்லு!" என்று கேட்டது. "இருக்கேன்!" என்றேன். டிராக்டர் உறுமலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி கத்தினேன். வாயில் புழுதிதான் போனது.

டிராக்டர் திணறித் திரும்பி எதிர்ப்பக்கம் போனது. புழுதி அடங்குவதற்குள் அதற்குள்ளிருந்து ஒரு சைக்கிள் வந்தது. பாஸ்கர், பெடல் மேல் எழுந்து நின்று, அந்தக் கரடுமுரடான பாதையில் பதினான்கு மாதத்துப் பயமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியாத வேகத்தில் வந்து, என் சக்கரத்தின் மேல் இடிக்கிற மாதிரி நிறுத்தினான். மூச்சு வாங்கியது.

"இன்னாச்சி?"

"ஒண்ணுமில்லடா. டிராக்டர். நான் கத்துனேன், உனக்குக் கேக்கல."

என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தான். சிராய்த்த முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"குரல் வரல. அதான் வந்தேன்" என்றான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மறுபடி முன்னால் போய்விட்டான்.

மாலை 5:50-க்குக் கலைவாணியிடம் அவனை முழுசாக ஒப்படைத்தோம். அது அவனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, என் முழங்கையைப் பார்த்து, "நீங்க மட்டும் உழுந்துட்டீங்களாண்ணா?" என்றது. மூன்று பேருக்கும் காபி வைத்தது, சர்க்கரை ஒரு கரண்டி அதிகம்.

மறுநாள் காலை செயலியைத் திறந்து பயணப் பதிவைப் பார்த்தேன். டிராக்டருக்காக என் சைக்கிள் நின்ற இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்று காட்டில் பாஸ்கர் எனக்காகக் காத்துக் கிடந்தது முப்பத்தேழு நிமிடம். நேற்று ஏரிக்கரையோரம் நான் அவனுக்காகக் காத்திருந்தது ஒரு நிமிடம் பத்து விநாடி.